ஒரு மீட்டர் நீளமுள்ள வீடு

மாமல்லபுரத்தில் சைக்கிள் வாடகைக்கு விடும் நூர்முகமதுவின் வீடு கடலுக்குள் இருக்கிறது என்கிற சங்கதி, நூர்முகமதுவுக்கே ஒரு திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது. பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தவர், கதவில் பசை காயாத காகிதம் ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்து, வாயில் நுரையோடு படித்தார்.

'மேற்படி கட்டுமானம் கடலில் அமைந்திருப்பதால், வரும் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு இடித்து அகற்றப்படும். இப்படிக்கு, கரையோர மனை ஒழுங்கு இயக்ககம், செங்கல்பட்டு.'

நூர்முகமது திரும்பிக் கடலைப் பார்க்க முயன்றார். நடுவில் நாலு தெரு, இரண்டு சிற்பக்கூடம், ஒரு லாட்ஜ், ஒரு கல்யாண மண்டபம் எல்லாம் மறைத்துக்கொண்டு நின்றன. காற்று நன்றாக அடித்தால் அலைச் சத்தம் கேட்கும். அதுகூட மண்டபத்தில் கல்யாணம் இல்லாத நாளாக இருக்க வேண்டும்.

மனைவி ஜஹனாரா வந்து எட்டிப்பார்த்துப் படித்தாள்.

"நம்ம வூடு கடல்ல கீதாமா? அப்போ நான் இன்னாத்துக்குங்க தண்ணி லாரி பின்னாடி கொடத்த தூக்கினு ஓடறேன்? ஜன்னல்ல கைய வுட்டு மொண்டுக்க வேண்டிதானே?"

"எதுனா எழுத்துப் பிழையா இருக்கும். போய் சொன்னா திருத்திக் குடுத்துடுவாங்க."

நாற்பத்தைந்து வருடமாக வெள்ளைக்காரர்களுக்கு சைக்கிள் விட்டு, வாயால் சொன்னால் மனிதன் புரிந்துகொள்வான் என்கிற கெட்ட பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சைக்கிள் சம்பாத்தியத்தில்தான் அறுநூறு சதுர அடியில் இந்த வீட்டைக் கட்டியிருந்தார். வேறு சொத்து என்று எடுத்துக்காட்ட அவரிடம் இருபத்திரண்டு சைக்கிளும் ஒரு காற்றடிக்கும் பம்பும்தான் உண்டு.

வாய் கொப்பளித்து, நாஸ்தா தின்று, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றபடியே செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தார்.

இயக்ககம் இரண்டாவது மாடியில் இருந்தது. மாடிப்படி மூலையில் 'இங்கே துப்பாதீர். மீறினால் அபராதம்' என்று பலகை. பலகைக்குக் கீழே சுவர், ஆள் இடுப்பு உயரத்துக்கு, வெற்றிலைச் சாற்றிலேயே சுண்ணாம்பு அடித்தது போலச் சிவந்து கிடந்தது. பொதுமக்களுக்கான கழிவறையில் பூட்டு தொங்கியது. பூட்டிய பிறகும் அது தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டுதான் இருந்தது. நூர்முகமது மூக்கைத் தோள்துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே நீளமான ஒரு கூடம். அதன் இந்தக் கோடியில் ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு மேசை. நடுவில் ஒன்பது அடி நடைபாதை. இந்த மேசைக்காரர் திருவேங்கடம், துணை இயக்குநர், பழைய தரவு. அந்த மேசைக்காரர் தீனதயாளன், துணை இயக்குநர், புதிய தரவு. இருவர் மேசையிலும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். கூடத்தில் இருந்த இரண்டு மின்விசிறியும் இருவர் தலைக்கு மேலேயே சுற்றின. பொதுமக்கள் நிற்கும் இடத்தில், விசிறி மாட்டுவதற்கான கொக்கி இருந்தது.

நூர்முகமது முதலில் தீனதயாளனிடம் போய்க் காகிதத்தை நீட்டினார். தீனதயாளன் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"ஆமா பாய், கடல்தான்."

"எப்படி சார்?"

"உங்க கட்டம் காலியா கீது. காலியா இருந்தா கம்ப்யூட்டரு கடல்னு எடுத்துக்கும். அதுல ஒண்ணும் தப்பு இல்ல. இந்த உலகத்துல நாலுல மூணு பங்கு தண்ணி. சந்தேகம்னு வந்தா கடல்னு எடுத்துக்கறதுதானே விஞ்ஞானம்?"

"சார், அந்த வூட்லேர்ந்து நேரா வந்து உங்க முன்னாடி நின்னுகினு கீறேன். எங்கனா நனைஞ்சிருக்கா பாருங்க."

தீனதயாளன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பஸ்ஸில் நின்று வந்ததில் நூர்முகமதுவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் நனைஞ்சுதான் கீறீங்க" என்று சொல்லி, அதையும் குறித்துக்கொண்டார்.

ஒன்பது அடி நடந்து திருவேங்கடத்திடம் போனார் நூர்முகமது. திருவேங்கடம் தம் கம்ப்யூட்டரைத் தட்டினார். "நூர்முகமது, குடியிருப்பு மனை, அறுநூறு சதுர அடி. சுத்தமா கீது. கடலும் இல்ல, குளமும் இல்ல."

"அப்போ அத அவர்கிட்ட சொல்லுங்க சார்!"

திருவேங்கடம் ஒன்பது அடி தூரத்தில் இருந்த தீனதயாளனைப் பார்த்தார். தீனதயாளன் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாயால சொல்றது அலுவல் ஆகாதுங்க. தரவு மாற்றம் ஆகணும். இங்கேர்ந்து அங்க போகணும். அதுக்குன்னு அரசு ஒரு கேபிள் வாங்கிக் குடுத்துகீது."

கேபிள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கட்டைவிரல் கனம், கருப்பு நிறம், இரண்டு முனையிலும் வெள்ளிப் பல். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு நேரே போட்டால், நடுவில் யாரும் கை வைக்காமல் சரக்கு இறங்கிவிடுமாம். அதைப் பற்றி விளக்கிச் சொன்னவன் பார்த்திபன். பொத்தேரியிலிருந்து வருகிறவன், ஒப்பந்த ஊழியன், அந்தக் கூடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள். அதனால் அவனுக்கு நாற்காலி கொடுத்திருக்கவில்லை.

"உங்க வூடு கம்ப்யூட்டர்ல ஒரு வரி, பாய். இந்த கேபிள்ல வுட்டா செங்கல்பட்டு ஜில்லாவே கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அந்தாண்ட போய்டும்."

"அப்போ என் ஒரு வரிய மட்டும் அனுப்புப்பா. நான் வேணும்னா கண்ண மூடிக்கறேன்."

"கண்ண மூடலாம் பாய். மேசைய யாரு நவுத்தறது? கேபிள் ஒரு மீட்டர்தான். மூணே கால் அடி. மேசைக்கு மேசை ஒம்போது அடி."

"நீளமா வாங்கறதுதானே?"

"இந்த ஜாதி கேபிளு வேகம் ஏற ஏற நீளம் கொறையும். பத்தடிக்கு சாதா கேபிள் ஒண்ணு என் பையிலயே கீது. அதுல வுட்டா ரெண்டு நிமிஷம் ஆவும். அதையும் கேட்டுப் பாத்துட்டேன். 'இயக்ககம் வேகத்தில் சமரசம் செய்துகொள்ளாது'ன்னு கடுதாசி வந்திச்சு."

"எப்போ வந்திச்சு?"

"கேட்டு ஏழு மாசம் கழிச்சு."

பென் டிரைவில் எடுத்துப் போகலாமே என்று நூர்முகமது கேட்கவில்லை. அவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். பாதுகாப்பு காரணமாக அது தடை செய்யப்பட்டிருப்பதாகப் பார்த்திபன் சொன்னான். ஒன்பது அடிக்குள் வழிப்பறி நடந்துவிடுமாம்.

மேசையை நகர்த்துகிற விஷயத்தை நூர்முகமது மறுநாள் வந்து எடுத்தார். தாமே ஒரு பக்கம் பிடிப்பதாகவும் சொன்னார். திருவேங்கடத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா பாய் பேசறீங்க? இது மேசை இல்லங்க. பதவி. பதவின்னா ஒரு எடத்துல ஒக்காந்து இருக்கணும். அசைஞ்சா அதுக்குப் பேரு ஊஞ்சல். தவிர, நான் அவருக்குப் பதினேழு நாள் மூத்தவன். பதினேழு நாள் மூத்தவன் மேசைய தள்ளிகினு எளையவன் கிட்ட போனா நாளைக்கு எவன் மதிப்பான்?"

தீனதயாளன் இன்னும் தூரம் யோசித்து வைத்திருந்தார். "இன்னிக்கு மேசை போவும். நாளைக்கு நாற்காலி போவும். நாளன்னிக்கு நான் அவருக்கு மொதல்ல வணக்கம் சொல்றாப்ல ஆயிடும். இந்த வேலைக்கு வந்து பத்தொம்போது வருஷத்துல ஒரு வேலையும் நான் மொதல்ல செஞ்சது கெடையாது."

"ரெண்டு பேருக்கும் பொதுவா நடுவுல வெச்சா?"

"நடைபாதை எங்களது இல்ல. பராமரிப்புப் பிரிவோடது" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை அந்தக் கூடம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.

இருவருக்கும் பேச்சுவார்த்தை என்பது கடிதம் மூலமாகத்தான். திருவேங்கடம் எழுதுவார். கடிதம் தரைத்தளத்துக்கு இறங்கிப் போய் எண் வாங்கி, முத்திரை வாங்கி, மறுபடி மாடி ஏறித் தீனதயாளன் மேசைக்கு வர நாலு நாள். ஒன்பது அடிக்கு நாலு நாள். நடைபாதையில் ஊர்ந்து போன ஒரு மரவட்டையை நூர்முகமது அன்று மதியம் கவனித்தார். அது சாப்பாட்டு இடைவேளைக்குள் கடந்துவிட்டது.

புதன்கிழமை அவரை லோகநாயகி அம்மாளிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள் பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர். எந்த ஊழியருக்கு எந்த ஊருக்கு மாற்றல் என்பதைப் பார்க்கிற பிரிவு அது. நூர்முகமதுவின் கோப்பு மேல் அட்டையில் 'தரவு மாற்றம்' என்று எழுதியிருந்ததால், மாற்றம் என்று எது வந்தாலும் அது தம் பிரிவுக்குத்தான் என்று முப்பது வருட அனுபவத்தில் அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார்.

"யாருக்கு மாத்தல்?"

"என் வூட்டுக்குமா."

லோகநாயகி அம்மாள் பேனாவைத் திறந்தார். அவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. "எங்கேர்ந்து எங்க?"

"அந்த மேசைலேர்ந்து இந்த மேசைக்கு."

"சொந்த விருப்பமா, நிர்வாக நலனா?"

"எனக்குத்தான்மா விருப்பம்."

"சொந்த விருப்பம்னா ஒரே எடத்துல மூணு வருஷம் முடிச்சிருக்கணும்."

"முப்பத்தெட்டு வருஷமா அதே எடத்துலதான்மா கீது. ஒரு நாள் லீவு போட்டது இல்ல."

"நல்ல ரெக்கார்டு" என்று அந்த அம்மாள் உண்மையாகவே மெச்சிக்கொண்டார். "குடும்பம் இருக்கா அதுக்கு?"

"இருக்கோம். நானும் என் வூட்டுக்காரியும்."

"அப்போ குடும்பத்தோட சேர்ந்திருக்கறதுக்குன்னு முன்னுரிமை போட்டுக்கலாம். விடுவிப்பு ஆணை ஒண்ணு, பாக்கியில்லாச் சான்று ஒண்ணு. இங்க விடுவிச்ச பிறகு அங்க சேர, பயணக் காலம் ஒரு நாள்."

"ஒம்போது அடிமா!"

"ஒம்போது அடிக்கும் ஒரு நாள்தான். எட்டு கிலோமீட்டருக்கும் ஒரு நாள்தான். சட்டம் யாருக்கும் ஓரவஞ்சனை பாக்காது."

பின்னால் நின்ற பார்த்திபன் தலையைச் சொறிந்தான். "மேடம், மாத்தலே வேணாம். ஒரு நகல் எடுத்து அந்தாண்ட போட்டா போதும். இதுவும் இருக்கும், அதுவும் இருக்கும்."

லோகநாயகி அம்மாள் பேனாவை மூடினார். "ஏம்பா, ஒரே ஆளு ரெண்டு ஆபீஸ்ல கையெழுத்து போடுவானா? இங்க அழிச்சாத்தான் அங்க எழுத முடியும். நகல்னா அதுக்கு சான்றொப்பம் வேணும். கேபிள் மேல பச்சை மையில யாரு கையெழுத்துப் போடறது?"

பார்த்திபன் வாயைத் திறந்தான். ஒப்பந்தம் மார்ச் வரைக்கும்தான் என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

பாக்கியில்லாச் சான்று வாங்க மேலும் நாலு நாள் ஓடிப்போயிற்று. நூலகத்தில் தம் வீடு புத்தகம் எதுவும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கவில்லை என்று ஒரு சான்று. கூட்டுறவுச் சங்கத்தில் தம் வீடு கடன் வாங்கவில்லை என்று ஒரு சான்று. வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட அடையாள அட்டையை ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்படி ஒன்று கொடுக்கப்படவேயில்லை என்று நிரூபிக்க ஒரு முழு நாள். கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர் சுண்டல் தின்ற கையைத் துடைக்காமல் சான்றைக் கொடுத்ததில், முத்திரைக்கு மேல் எண்ணெய் படிந்து, அரசுச் சின்னம் கண்ணாடி போலத் தெரிந்தது. நூர்முகமது அதை நுனியில் பிடித்து வாங்கிக்கொண்டார். முத்திரை தெளிவாகத் தெரிவதாக மற்றவர்கள் பாராட்டினார்கள்.

"இன்னாங்க ஆச்சு?" என்று ஜஹனாரா தினமும் கேட்பாள்.

"வூட்டுக்கு நன்னடத்தைச் சான்று குடுத்துட்டாங்க" என்பார். அவள் கதவைப் பார்ப்பாள். காகிதத்தில் பசை நன்றாகக் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது.

இப்படியே செவ்வாய்க்கிழமை வந்தது. மறுநாள் ஆயுத பூஜை, அதற்கும் மறுநாள் விஜயதசமி, இரண்டும் விடுமுறை. அடுத்தது வெள்ளி. ஆக மிச்சம் இருந்த ஒரே நாள் அந்தச் செவ்வாய்தான். அன்றைக்குத்தான் அலுவலகத்திலும் பூஜை.

நூர்முகமது படி ஏறிப் போனபோது கூடத்தில் ஓர் அதிசயம் நடந்திருந்தது. பூஜைக்காகத் தரையைக் கழுவிவிட்டு, படையல் போட இடம் வேண்டும் என்று, துப்புரவுப் பணியாளர் ரெஜினா இரண்டு மேசையையும் தள்ளிக் கூடத்தின் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு கம்ப்யூட்டரும் சம்பந்தி போல அருகருகே மாலை போட்டு உட்கார்ந்திருந்தன. நடுவில் வாழையிலை. இலையில் பொரி, கடலை, சுண்டல், வெள்ளைப் பூசணி. அவற்றுக்கு நடுவே, கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, பாம்பு போலச் சுருட்டி வைக்கப்பட்ட கேபிள்.

"பாய், யோகம் அடிச்சிச்சு உங்களுக்கு!" என்று பார்த்திபன் காதோரம் சொன்னான். "பூஜை முடிஞ்ச கையோட சொருகிடறேன். அவங்க மேசைய பிரிக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

நூர்முகமது கேபிளை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார்.

இயக்குநர் வந்தார். பேசினார். "ஒரு காலத்தில் ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போக நான்கு நாட்கள் ஆயின. இன்று இந்தக் கேபிள் அதை ஓர் இமைப்பொழுதில் செய்யும். இதனால் மிச்சமாகும் நான்கு நாட்களை நம் ஊழியர்கள் என்ன செய்வது என்பது கவலைக்குரிய கேள்வி. அதை ஆராயக் குழு ஒன்று அமைத்திருக்கிறேன். குழு ஆறு மாதத்தில் அறிக்கை தரும். அதுவரை யாரும் அவசரப்பட்டு வேகமாக இருக்க வேண்டாம்." கைதட்டினார்கள்.

பிறகு கேபிளுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் வேளை வந்தது. இந்த முனைக்குத் திருவேங்கடம், அந்த முனைக்குத் தீனதயாளன் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். திருவேங்கடம் வெள்ளிப் பல் மேல் ஒரு விரல் சந்தனம் வைத்தார். தீனதயாளன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு விரல் வைத்தார். திருவேங்கடத்துக்குத் தாம் பதினேழு நாள் மூத்தவர் என்பது ஞாபகம் வந்தது. மூன்று விரலால் வழித்து அப்பினார். கடைசியில் கிண்ணத்தில் இருந்த சந்தனம் முழுக்கக் கேபிளின் இரண்டு வாய்க்குள்ளும் போய்விட்டது. அதன் மேல் குங்குமம். அதற்கும் மேல், கண் படாமல் இருக்கட்டும் என்று, இயக்குநர் தம் கையால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்.

பார்த்திபன் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தான். பல்குச்சியால் குத்திப் பார்த்தான். இந்த முனை சுமாராக உள்ளே போயிற்று. அந்த முனை முக்கால்வாசி போய் நின்றது. அழுத்தினான். வெளியே சந்தனம் பிதுங்கியது.

"அனுப்புப்பா, நல்ல நேரம் போவுது!" என்றார் இயக்குநர்.

"சார், அந்தாண்ட இன்னும் சரியா..."

"அனுப்பு!"

பார்த்திபன் நூர்முகமதுவைப் பார்த்தான். நூர்முகமது கண்ணை மூடிக்கொண்டார். திறந்தார். அவ்வளவுதான்.

திருவேங்கடத்தின் திரையில் அந்த வரி இல்லை. தீனதயாளனின் திரையிலும் அந்த வரி இல்லை. லோகநாயகி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து, 'முற்பகல் பதினொன்று பத்துக்கு விடுவிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் எழுதத் தயாராகத் தலை நிமிர்ந்தார்.

"இங்க வரல" என்றார் தீனதயாளன், கையைத் தூக்கிக் காட்டி.

"இங்கேர்ந்து போயிடுச்சு" என்றார் திருவேங்கடம், அவரும் கையைத் தூக்கி.

"அப்போ எங்கதான் கீது என் வூடு?" நூர்முகமது இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுண்டல் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. லோகநாயகி அம்மாள்தான் சட்டத்தைப் புரட்டி விடை கண்டுபிடித்தார். ஓர் இடத்தில் விடுவிக்கப்பட்டு மறு இடத்தில் சேராத ஊழியர் 'கட்டாயக் காத்திருப்பில்' இருப்பதாகக் கொள்ள வேண்டும். இங்கும் இல்லை, அங்கும் இல்லை என்றால் நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பது கேபிள்.

"எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்கமா. வெள்ளிக்கிழமை இடிக்க வராங்க."

அந்த அம்மாள் இரக்கமுள்ளவர். உடனே எழுதிக் கொடுத்தார். 'மாமல்லபுரம் நூர்முகமது என்பாரின் அறுநூறு சதுர அடி குடியிருப்பானது, தற்போது ஒரு மீட்டர் நீளமுள்ள கேபிளினுள் கட்டாயக் காத்திருப்பில் உள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது.' முத்திரை குத்தினார். அத்தோடு கேபிளையும் எடுத்து நீட்டினார்.

"இது இன்னாத்துக்குமா?"

"இதுல உங்க குடியிருப்பு இருக்கு. அலுவலகத்துல தனியார் குடியிருப்பு வெச்சிக்க விதி இல்ல. பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்க."

நூர்முகமது கையெழுத்துப் போட்டார். சந்தனம் பிசுபிசுக்கும் கேபிளை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்ததைப் பார்த்த கண்டக்டர், "இன்னா பாய் பையில? சுமைக் கட்டணம் உண்டா?" என்றான்.

"வூடு" என்றார் நூர்முகமது.

கண்டக்டர் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அந்த இயக்ககம் நேரத்துக்குச் செய்த காரியம் அது ஒன்றுதான். முன்னால் ஜீப்பில் தீனதயாளன். பின்னால் மஞ்சள் நிறத்தில் பொக்லைன் எந்திரம், தன் பல்லைக் காட்டிக்கொண்டு. தெரு கூடிவிட்டது. ஜஹனாரா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். "நான் எழுந்துக்க மாட்டேன். கடல்ல கீற மீனுன்னு நெனச்சிகினு வாரிகினு போவட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நூர்முகமது மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சான்றை நீட்டினார். தீனதயாளன் இரண்டு முறை படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு வீட்டைச் சுட்டிக்காட்டினார்.

"அப்போ உங்க வூடு இது இல்ல."

"அது இன்னா சார் அப்போ?"

"அது இன்னான்னு எனக்குத் தெரியாது. என் ஆணையில அது இல்ல. ஆணை உங்க வூட்டை இடிக்கச் சொல்லுது. உங்க வூடு இங்க கீதுன்னு எங்க முத்திரையே சொல்லுது." அவர் விரல் மஞ்சள் பைக்கு வந்தது. "குடுங்க."

நூர்முகமது பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருடமாக அந்த மனை தம்முடையது என்று அரசாங்கம் எழுதிவைத்த ஒரே வரி அதற்குள்தான் இருக்கிறது என்று, தம்மையும் அறியாமல், அவரும் நம்பத் தொடங்கியிருந்தார்.

ஜஹனாரா வாசலுக்கு வந்துவிட்டாள். "குடுத்துத் தொலைங்க."

"குடுத்தா நம்ம வரி போய்டும்மா. நம்மளுதுன்னு சொல்றதுக்கு அப்புறம் ஒண்ணும் இருக்காது."

"வரியிலயா படுத்துத் தூங்கறோம்? சொவுத்துக்குள்ளதானே தூங்கறோம்? குடுங்க!"

கொடுத்தார். தீனதயாளன் கேபிளைத் தெரு நடுவில் நீட்டிப் போட்டு, டேப் வைத்து அளந்து, ஒரு மீட்டர் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

"சார், இது மண்புழு மாரி கீது. பக்கெட்ல மாட்டாது. கால்ல மிதிச்சாலே போதும்" என்றான் பொக்லைன் ஓட்டுநர்.

"காலால இடிக்க அனுமதி வாங்கல. எந்திரத்தால இடி."

முதல் கொத்து கேபிளுக்கு ஓர் அடி தள்ளி விழுந்தது. சாக்கடை மூடி உடைந்து, அந்தத் தெரு பல வருடமாக மறைத்து வைத்திருந்ததெல்லாம் கருப்பாக மேலே வந்தது. எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். இரண்டாவது கொத்து இந்தப் பக்கம் விழுந்து குடிநீர்க் குழாயை உடைத்தது. இரண்டு வருடமாகச் சொட்டுத் தண்ணீர் விடாத குழாய் அது. இப்போது பனைமர உயரம் பீறிட்டது. ஜஹனாராவும் மற்றப் பெண்களும் குடத்தோடு ஓடி வந்தார்கள். கணுக்கால் அளவு தண்ணீரில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற தீனதயாளன், கோப்பில் எழுதினார். 'மேற்படி இடம் நீரில் மூழ்கியிருப்பதை நேரில் கண்டேன். அது கடல்தான் என்கிற நமது தரவு சரியே.'

மூன்றாவது கொத்தில் கேபிள் இரண்டாகத் துண்டானது. வெட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் சந்தனம் வந்தது. புகைப்படம் எடுத்தார்கள். 'இடிக்கப்பட்டது' என்று எழுதி, நூர்முகமதுவிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிரவு நூர்முகமது தம் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினார். அதற்குப் பின் ஒன்பது இரவும் தூங்கினார்.

பத்தாம் நாள் கதவில் இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தது.

'மேற்படி வீடு மூன்றாம் தேதி இடிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் இடிபாடுகள் அதே இடத்தில் இன்னும் அகற்றப்படாமல் கிடப்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. இடிபாடுகளின் விவரம்: சுவர் நான்கு. கூரை ஒன்று. கதவு ஒன்று, ஜன்னல் மூன்று, யாவும் பொருத்திய நிலையில். உள்ளே மனிதர் இருவர். இவற்றை ஏழு நாட்களுக்குள் உரிமையாளர் தம் செலவில் அப்புறப்படுத்தத் தவறினால், இயக்ககமே அப்புறப்படுத்தும்.'

"இடிபாடா?" என்றாள் ஜஹனாரா. ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். போன ரமலானுக்கு அடித்த பச்சை வண்ணம் கூட உதிராமல் இருந்தது. "த்தூ! இவனுங்க மூஞ்சில..."

நூர்முகமது அவளை முடிக்கவிடாமல் தோள்துண்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

கூடத்தில் மேசைகள் பழையபடி ஒன்பது அடி தள்ளியிருந்தன. ரெஜினாவுக்கு அனுமதியின்றி மேசை நகர்த்தியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருந்தது. திருவேங்கடம் நூர்முகமதுவைக் கண்டதும் எழுந்திருக்காமலேயே மலர்ந்தார்.

"கவலையே படாதீங்க பாய். இடிபாடு இல்ல, வூடுதான்னு காட்டணும், அவ்ளோதானே? பழைய காகிதப் பதிவேட்ல உங்க வூடு இருக்கு. அத இந்த கம்ப்யூட்டர்ல ஏத்தி, இங்கேர்ந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு மாத்தினா முடிஞ்சுது. அந்த கேபிள் போனதும் நல்லதுக்குத்தான். நேத்து புதுசு வந்துடுச்சு. அதவிட ரெண்டு மடங்கு வேகம்!"

கண்ணாடிப் பெட்டிக்குள் புதுக் கேபிள் பளபளத்தது. அதன் பக்கத்தில் நின்ற பார்த்திபன் நூர்முகமதுவின் கண்ணைப் பார்க்கவில்லை.

"எவ்ளோ நீளம்பா?"

பார்த்திபன் விரலை விரித்துக் காட்டினான். அரை மீட்டர்.

நூர்முகமது திரும்பி மாடிப்படி மூலைக்கு வந்தார். நாக்கில் ஏதோ கசந்து, வாய் நிறைய ஊறியிருந்தது. சிவந்த சுவரைப் பார்த்தார். மேலே பலகை, துப்பினால் அபராதம் என்றது. பலகைக்குப் பக்கத்தில், ரசீதுப் புத்தகத்தோடு, தீனதயாளன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அபராத வசூல் அந்த வாரத்திலிருந்து புதிய தரவுப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்ததாம்.

"துப்பறதா இருந்தா துப்புங்க பாய்" என்றார் அவர், பேனாவைத் திறந்து. "முகவரி மட்டும் சொல்லணும்."

நூர்முகமதுவுக்கு முகவரி இல்லை. விழுங்கிக்கொண்டார்.